இருபது கிலோ பெட்டி

1984 மாசி, திங்கள் ராத்திரி

துபாய் போற பிளேன்ல இருபது கிலோதான் கொண்டுபோகலாமாம். காலையில புளி மண்டித் தராசுல பெட்டியை வெச்சேன். சரியா இருபது. மண்டிக்காரர்தான் ஏனோ தயங்கித் தயங்கி எடை போட்டாரு. அப்புறம் வூட்டுல மச்சினன் பெட்டிக்குக் கயிறு கட்டினான். சாயங்காலம் எதுக்கும் இன்னொரு தடவை ரயில்வே பார்சல் தராசுல பார்த்தா இருபத்திமூணு! துபாய்ல யாருக்கோ குடுக்க எதையோ உள்ள திணிச்சிட்டான்னு, வூட்டுக்கு வந்து பெட்டியைக் கவுத்துக் கொட்டினேன். என் துணி, ஊறுகாய், ஜெபமாலை. வேற ஒண்ணுமில்ல.

“எந்தம்பியைப் போயி சந்தேகப்படறீங்களே!”ன்னு மேரி அழுதா. இன்னும் எங்கூடப் பேசல.

பார்சல் கிளார்க், “இது போன வாரம் சர்க்கார்ல சரிபார்த்து முத்திரை போட்ட தராசுங்க”ன்னு சொன்னது இப்பத்தான் உறைக்குது.

எங்கப்பா காலத்துலயிருந்து நாங்க விக்கிற புளி மூட்டையெல்லாம் அந்த மண்டித் தராசுலதான் ஏறுது.