கால் மணி நேரத் தலைசுற்றல்

என் வீட்டு மேலதிகாரிக்கு,

உன் முட்டிவலி தேவலையா? நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம்.

போனில் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்பாய், அதனால் எழுதுகிறேன். என்னைக் கிடங்கு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். முதல் நாளே மானம் போயிற்று. அறையில் தனியாக நின்று, "நான் ரொம்பக் கண்டிப்பான ஆளு, தெரிஞ்சுக்கங்க!" என்று அதட்டிப் பழகினேன். கிடங்கு முழுக்க அறிவிப்புச் சொல்லும் மைக்கை அணைக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் நான் 'கண்டிப்பு அண்ணன்'.

நேற்று, அதிர்ந்து பேசாத எங்கள் பேக்கிங்காரர் ஒரு பெட்டியை எட்டி உதைத்துவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ரிப்போர்ட் எழுதுங்க, ஆளை அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னய்யா, பெட்டி உன்னைத் திட்டிச்சா?"

"காலையில வீட்டுக்குப் பேசினேண்ணே. என் பொண்ணு, 'அம்மா, யாரோ மாமா பேசுறாரு'ன்னு போனைக் குடுத்துட்டா."

சூப்பர்வைசர் ஆனதும் ஆட்களைச் சமாளிக்க ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள், அதில் இதற்குப் பதில் இல்லை. ரிப்போர்ட்டில் 'தலைசுற்றல், கால் மணி நேரம் ஓய்வு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்துபோய் அவர் மேசையை எட்டிப் பார்த்துவிட்டேன். நீ கவலைப்படாதே, மிஞ்சிப்போனால் என்னைப் பழையபடி மூட்டை தூக்கச் சொல்வார்கள்.

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த என் கண்ணாடிச் சீட்டை அனுப்பு. நம் பையன் எழுதி முடித்த நோட்டு ஒன்றையும் சேர்த்து வை, கையெழுத்து திருந்தியிருக்கிறதா பார்க்கிறேன்.

சங்கு ஊதிவிட்டது. இன்னும் ஒன்று. "உங்க பையன் உங்ககிட்ட நல்லாப் பேசுவான்லண்ணே?" என்று அந்தப் பேக்கிங்காரர் கேட்டார். "பின்னே!" என்று சிரித்தேன். நான் கூப்பிடும்போதெல்லாம் அவன் தூங்குவதாக நீ சொல்வதை அவரிடம் சொல்லவில்லை.