எழுந்தால் அணையும் திரை

மார்ச் 4

இன்றும் கணினித் திரை இருண்டது. கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி திரும்பி வந்துவிட்டது. அதற்குள் அலுவலகத்தின் கண்காணிப்பு மென்பொருள், திரை இணைப்பு இல்லை என்று என்னை வெளியே தள்ளிவிட்டது. டாக்டர்கள் பேசிய பதிவைப் பாதி தட்டச்சு செய்திருந்தேன். எல்லாம் போச்சு.

அப்பா அடுத்த அறையிலிருந்து கைத்தடியால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமாம்.

மார்ச் 6

மேலாளர் அம்மா போன் செய்தார். "பயிற்சிக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். இப்படி அடிக்கடி காணாமப் போனா மேல நான் என்ன பதில் சொல்றது?"

வேறு ஊர். தலைமை அலுவலகம். பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நான் பார்த்த வெளியுலகம் தெருமுனை மருந்துக்கடைதான். போக ஆசையா என்றால்? கொள்ளை ஆசை!

அண்ணனிடம் சொன்னேன். "அப்பாவை யாரு பார்த்துக்கறது? நீ வீட்லதானே இருக்க" என்றான். போன மாதம்தான் சக்கர நாற்காலி... சே, அலுவலக நாற்காலி ஒன்று அனுப்பினான், ஏற்றி இறக்குகிற வகை. "எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்காது பாரு." அக்கறைதான், யார் இல்லை என்றது? உட்கார்த்தி வைக்கிற அக்கறை.

மார்ச் 9

கணினி மெக்கானிக் வந்தார். இடைஞ்சலாக இருக்கிறதென்று நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு, மண்டி போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். தூசி ஊதினார், நினைவகச் சில்லைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். திரை ஒரு தடவைகூட அணையவே இல்லை. "கும்முனு இருக்கும்மா. நீங்களா எதையாவது அழுத்தியிருப்பீங்க."

அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். அப்பா தட்டினார். எழுந்தேன். இருட்டு.

மார்ச் 10

திரை தானாக அணைகிறது என்றால் யாரும் நம்பவில்லை. ஏன், நான் என்ன பொய்யா சொல்றேன்?

மார்ச் 12

கண்டுபிடித்துவிட்டேன். அப்பா தட்டும்போதுதான் போகிறது. பிளக் இருப்பதும் அதே சுவரில். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தட்டாதீங்கப்பா! நீங்க தட்டற தட்டுலதான் என் பொழப்பே போகுது!"

அவர் தடியைக் கட்டிலுக்கு அடியில் போட்டார்.

மார்ச் 13

காலையிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை. இடத்தை விட்டு அசையாமல் வேலை ஓடியது. நான் நினைத்தது சரிதான்.

மார்ச் 14

தொப்பென்று சத்தம். துள்ளி எழுந்தேன், திரும்பும்போதே திரை இருண்டதைப் பார்த்தேன். குளியலறை வாசலில் அப்பா கிடந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

"கூப்பிட்டிருக்கலாம் இல்லப்பா?"

"தட்டக் கூடாதுன்னியேம்மா."

அய்யோ, நான் மனுஷியா? அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தடியை எடுத்து அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போதுதான் உறைக்கிறது. இன்று யாருமே தட்டவில்லையே. நான் எழுந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 15

நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். இருட்டு. மறுபடியும். இருட்டு. சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுந்தேன். திரை அணையவில்லை. பைத்தியக்காரி போல் தனியாகச் சிரித்தேன்.

மெக்கானிக்கிடம் போனில் சொன்னால் அவரும் சிரித்தார். "அட, ஆமாம்மா! சில நாற்காலில சீட்டுக்குக் கீழ இருக்கற குழாய் ஏறி இறங்கும்போது கண்ணுக்குத் தெரியாத கரண்ட் பொறி கிளம்பும். திரைக்குப் போற ஒயர் மட்டமா இருந்தா அதை இழுத்துக்கும். கடைல நல்ல ஒயர் இருக்கு, வந்து வாங்கிக்குங்க."

வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம், அவ்வளவு தூரம். அப்பாவை விட்டுவிட்டு எப்படிப் போவது?

எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டினேன், பயிற்சி விஷயம் உட்பட. அவர் தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அண்ணனுக்குப் போனைப் போடு" என்றார். இழுத்து இழுத்துத்தான் பேசினார், ஆனால் தெளிவாக: "நாற்காலி வேண்டாம்டா. நீ வா."

மார்ச் 28

மேலாளர் அம்மாவுக்குச் சம்மதம் என்று எழுதி அனுப்பினேன். அண்ணன் ஏப்ரலில் வந்துவிடுவானாம்.

ஏப்ரல் 5

அண்ணன் வந்துவிட்டான். இனி என் கணினியிலேயே அவன் அலுவலக வேலையைப் பார்ப்பானாம். "வேலை பார்த்துக்கிட்டே அப்பாவையும் பார்த்துக்கறேன். இதுல என்ன கஷ்டம்?" மர நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தான் அனுப்பிய நாற்காலியை இழுத்துப் போட்டான். விஷயத்தைச் சொன்னேன். "நாற்காலியாம், பொறியாம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

ஏப்ரல் 12

பயிற்சி விடுதி அறையில் ஜன்னலோரக் கட்டில் எனக்கு. மதியம் நாலு பேராக நடந்துபோய்ச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். "எழுந்தா திரை போகுது. பாதி மீட்டிங்ல எல்லாரும் என்னைக் காணோம்னு தேடறாங்க."

"மெக்கானிக் கடைல ஒயர் இருக்கு. போய் வாங்கிக்க."

 உடனே கேட்டான். "அப்பாவை விட்டுட்டு எப்படிப் போறது?"

அவன் பின்னால் சுவரில் தடி தட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா கூப்பிடறார் அண்ணா. எழுந்து போ" என்று சொல்லிப் போனை வைத்தேன்.