எல்லையில் அப்பாவின் மான் சாசேஜ்

அன்புள்ள அம்மாவுக்கு லரிசா எழுதுவது. அரிசோனா வந்து கேரவன் முகாம் வேலையில் சேர்ந்துவிட்டேன், நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழையும்போது, மொன்டானா எல்லையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. எனக்கு முன்னால் இரண்டே வண்டிகள் இருந்தன. தண்ணீர் எடுக்கக் கேரவனின் ஃபிரிட்ஜைத் திறந்தால், நீ எனக்குத் தெரியாமல் வைத்த பொட்டலம். அப்பா இறப்பதற்கு முன் கடைசியாகச் செய்த மான் சாசேஜ். மேலே அவர் கையெழுத்தில் 'லரிசாவுக்கு'.

மறைத்துப் பிடிபட்டால் உள்ளே விடமாட்டார்கள், வேலையும் போய்விடும். அதிகாரி, "இறைச்சி ஏதாவது இருக்கா?" என்றதும் எடுத்து நீட்டினேன்.

"வேட்டை அனுமதிச் சீட்டு?"

"இல்லைங்க. எங்கப்பா வீட்ல செஞ்சது. அவரு இப்ப இல்ல."

அதிகாரி அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குப்பையில போடணும். இல்லேன்னா திரும்பிப் போய்த் தின்னுட்டு வாம்மா."

திரும்பினேன். கனடா பக்கம் பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, வறுத்து, ஒரு துண்டு விடாமல் தின்றேன். அவர் கையெழுத்து இருந்த காகிதத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கியதில் கண் எரிந்தது, அவ்வளவுதான்.

மறுபடியும் அதே அதிகாரி. "இறைச்சி?"

"வயித்துல மட்டும்தான்."

சிரிக்காமல் கைகாட்டி அனுப்பினார்.

அப்பா அதில் என்னென்ன சேர்ப்பார் என்று எழுது. பூண்டு தெரிந்தது, மற்றது பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

புது வண்டி ஒன்று வாசலில் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். அப்பா எழுதியது வேறு எது கிடைத்தாலும், மளிகைச் சீட்டானாலும் சரி, கடிதத்தோடு அனுப்பு. காகிதத்தை எந்த எல்லையிலும் தடுக்கமாட்டார்கள்.

உன் மகள்,
லரிசா