படம் நேராக இருக்கிறது என்றேன்

ஜூலை 7, திங்கள்

ஓசூரில் விடியலிலிருந்து தூறல். கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம்.

டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு கம்பெனியின் அசெம்பிளி லைனில் நின்று மூன்று வருடம். பயிற்சி அறையில் வீடியோ எடிட்டிங்குக்கு ஆள் வேண்டும் என்றதும் முதலில் போய்க் கேட்டவன் நான். கிடைத்தது மஞ்சுநாத்துக்கு. பாகலூர்க்காரன், பிறவியிலேயே பார்வை இல்லை. எனக்கு போனில் படம் பிடித்துக் கொடுக்கும் வேலை மட்டும்.

பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் பிரேமா மேடம்: "பிரஸ் மிஷின் வீடியோ முதல்ல முடியட்டும். நல்லா வந்தா மிச்சம் பத்து வீடியோவும் மஞ்சுதான்." அப்புறம் அந்த எடிட்டிங் நாற்காலியும் நிரந்தரமாக அவனுக்கே.

ஜூலை 8, செவ்வாய்

அவன் பக்கத்தில் அரை மணி நேரம். மவுஸைத் தொடவே இல்லை. இயர்போனில் ஸ்கிரீன் ரீடர் திரையில் இருப்பதைக் கடகடவென்று வாசிக்கிறது, வாங்கிக் கேட்டும் எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. வெட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு கீயில் தொடக்கம், இன்னொன்றில் முடிவு, டிலீட். அவ்வளவுதான்.

வேலை கேட்டபோது நான் மாதிரிக்கு வெட்டிய ஆடியோவைப் போட்டுக் கேட்டான். "கன்னடத்துல கடைசி எழுத்தக் கடிச்சிட்டீங்க ப்ரோ. கோட்டப் பாத்து வெட்டுனீங்களா?"

ஆமாம். திரையில் ஒலியைக் காட்டும் கோடு அடங்கிய இடத்தில் வெட்டினேன். சொன்னது சரி. அதனால் கூடுதல் எரிச்சல்.

வாங்க: சோப்பு, குடை.

ஜூலை 9, புதன்

வேலையை முடித்துவிட்டுக் கூப்பிட்டான்.

"ப்ரோ, படமெல்லாம் நேரா வருதா?"

மூன்றாவது துண்டு தலைகீழ். போனைத் திருப்பிப் பிடித்து எடுத்தது நான்தான்.

"வருது."

"தேங்க்ஸ் ப்ரோ."

நாளை வீடியோவைப் போட்டுக் காட்டும்போது எல்லார் முன்னாலும் மிஷின் தலைகீழாகத் தொங்கும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குடை வாங்க மறந்தேன். போன் செய்து சொல்லலாம். செய்யவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில். பயிற்சி அறை நிறைய ஆள். மூன்றாவது துண்டு நேராக ஓடியது. கன்னடம், தமிழ் இரண்டும் சுத்தம்.

வெளியே மஞ்சுவைப் பிடித்தேன். "எப்ப திருப்புன?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. தெரிந்தே மறைத்ததை நானே சொல்லிவிட்டேன்.

இயர்போனைச் சுருட்டிப் பையில் வைத்தான். பிறகு, "செக்யூரிட்டி அண்ணன் பாத்துச் சொன்னாரு. படத்த மட்டும் எப்பவும் ரெண்டு பேர்கிட்ட கேப்பேன் ப்ரோ."

மேடம் வந்தார். "நல்லா வந்திருக்கு மஞ்சு. படம் யார் பாத்துச் சொன்னது?"

இரண்டு பேரைச் சொன்னான். என் பெயரை முதலில்.