காதர் விட்டுப்போன வரி

14 ஜூலை 1987, செவ்வாய். செம்பூர்.

டேப்பில் வந்த டீபக்கர் புரோகிராமின் சோர்ஸ், ஆபீஸின் பழைய யூனிக்ஸ் மெஷினில் இன்று ஒருவழியாக கம்பைல் ஆகி ஓடத் தயாரானது. ஓடவிட்டதும் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துவிட்டது. மற்ற புரோகிராம்களின் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் இது. இதன் தப்பை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நாளைக்குள் ஓடாவிட்டால் டேப்பைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

அப்போதுதான் காதர் ஞாபகம் வந்தது. தாராவிக்காரன். துபாய் போகும்வரை எனக்குப் பக்கத்து நாற்காலி. புரோகிராமில் அங்கங்கே, திரையில் ‘வந்துட்டேன்’ என்று எழுதும் வரியைச் செருகிவைப்பான், ஆங்கில எழுத்தில். “எதுவரை வந்துருக்குன்னு அதுவே சொல்லட்டும்டே, நமக்கு என்னத்துக்கு மண்டையிடி?” என்பான்.

நானும் அப்படியே செருகினேன். வரிசையாக ‘வந்துட்டேன்’ வந்து ஓரிடத்தில் நின்றது. அங்கே அது, எங்கள் மெஷினிடம் இல்லாத அளவுக்கு மெமரி கேட்டிருக்கிறது. கேட்ட அளவைக் குறைத்தேன். ஓடியது.

இனி அந்த வரிகளுக்கு வேலை இல்லை. ஒவ்வொன்றாக அழித்தேன். முதல் வரியில் மட்டும் கை நின்றுவிட்டது. நாளை யார் டீபக்கரைத் திறந்தாலும் முதலில் ‘வந்துட்டேன்’ என்றுதான் சொல்லும். மேனேஜர் கேட்டால் கேட்கட்டும்.

காதர்தான் துபாய் போனதிலிருந்து லீவுக்குக்கூட வரவில்லை.