ஃப்ரீசரில் வைத்த மருந்து

மச்சான்,

கத்தாரில் நீங்கள் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க வேண்டும்.

கலகெதரையில் நேற்று விடியற்காலையிலிருந்து கரண்ட் இல்லை. டவரும் விழுந்துவிட்டதால் போனும் இல்லை. அதனால்தான் கடிதம்.

புயலுக்கு முந்திய நாள் போனில் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். மோட்டார் ஓடாது என்று குடம், வாளி, பேசன் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தேன். டோர்ச்சுக்குச் சார்ஜ் போட்டேன். கூடுதல் நாள் குளிர் நிற்கும் என்று, நம் மகளின் இன்சுலின் குப்பிகள் நான்கையும் ஃப்ரீசரில் பெருநாளில் அறுத்த குர்பான் இறைச்சிக்கு அடியில் வைத்தேன்.

இன்று காலை எடுத்தபோது நான்கும் கல்லாக உறைந்திருந்தன. பார்மசி ஹபீலிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஒருக்கா உறைஞ்சா இது மருந்தில்ல, புள்ளைக்குக் குத்திராதீங்க" என்றார். அவரிடமும் வேறு இல்லை.

பாவித்துக்கொண்டிருந்த பழைய குப்பியில் இன்றிரவுக்கு மட்டும் இருக்கிறது. கண்டிப் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஹுஸைன் காக்கா மருந்துச் சீட்டோடு குருநாகல் பக்கம் நடந்தே புறப்படுகிறார். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவார்.

"உம்மா, நான் சாப்பிடாம இருந்தா ஊசி கொஞ்சம் போதும்தானே?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது, மச்சான்?

ஃப்ரீசரில் வைக்கச் சொன்னது யார் என்று உங்கள் உம்மா கத்தினார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வைத்தேன் என்றேன்.

கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் மகளைப் பெற்றவள்