ஐந்தாம் பாடத்தில் என் குரல்

அன்புள்ள வாலுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே ஓடாமல் நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் அப்பா போனபிறகு உனக்கு நல்லது கெட்டது சொல்லும் வேலை என் தலையில் விழுந்து பதினோரு வருஷமாகிறது. உன்னைவிட எனக்குப் பன்னிரண்டு வயதுதான் கூட என்பதால் நீ அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. போன மாதம் போனில், விட்டுத் தள்ளுங்க சித்தப்பா, ஒரு சிடிக்காக யாராவது தெருவையே பகைச்சுக்குவாங்களா என்று கேட்டாய். விட்டுத் தள்ளவில்லை. உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைப் போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

உன் அம்மா இரண்டு வருஷமாகப் பார்வையற்றோர் பள்ளிக்குப் பாடம் வாசித்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். பின்னறை ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு அவர் வாசிப்பார், நான் லிப்ட் ரிப்பேர் முடித்து வந்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்வேன். இந்தக் காலத்தில் சிடியா என்று நீ சிரித்தாய். அந்தப் பிள்ளைகளின் விரலுக்கு அந்தப் பிளேயரின் பட்டன்கள் பழகியிருக்கின்றன, அவர்களுக்கு அது போதும், உனக்கென்ன? நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடி ரைட்டர் நன்றாகத்தான் இருந்தது, ரைட் பண்ணும் சாப்ட்வேர்தான் டிரையல் முடிந்து படுத்துவிட்டது. வேறு பார்க்கலாம் பார்க்கலாம் என்று நான் நாளைக் கடத்தினேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்குள்தான் முனை ஸ்டூடியோக்காரன் நுழைந்தான். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி கழற்றாதவன், அவனை நான் கூலிங்கிளாஸ் என்றே சொல்கிறேன். நல்ல காரியம் மேடம், காசெல்லாம் வேணாம், என் பங்கா இருக்கட்டும் என்றான். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் வாசித்தவர் பெயர் வரவேண்டும் என்பது பள்ளியின் வழக்கம். அதையும் நானே சேர்த்துடறேன் என்றான். சேர்த்தான், அவன் பெண்டாட்டி பெயரை, அவள் குரலிலேயே. சிடி அவன் கடையிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போய்விடும், நம் வீட்டில் ஒருவரும் அதைப் போட்டுக் கேட்டதில்லை.

இந்த வருஷம் பள்ளியில் வாசிப்பதற்கென்றே மாதச் சம்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. துணிக்கடையை மூடியதிலிருந்து உன் அம்மாவுக்கு வேலையில்லை என்பதை உனக்குச் சொல்லவேண்டாம் என்றார், நான் சொல்கிறேன். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனவரிடம் தலைமையாசிரியை, அது இத்தனை நாளா வாசிச்சுக்கிட்டிருக்கிற ஸ்டூடியோ மேடத்துக்குத்தாங்க, ஆண்டு விழாவுல அறிவிக்கப் போறோம், நீங்க யாரு என்று கேட்டிருக்கிறார். உன் அம்மா வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு பாத்திரத்தை அரைமணி நேரம் தேய்த்தார். ஸ்டூடியோவுக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். ஒரிஜினல் பைல் எங்கள் கம்ப்யூட்டரில் தேதியோடு இருக்கிறது என்றேன். கம்ப்யூட்டர் தேதிய யாரு வேணா மாத்தலாம் தம்பி, லிப்ட்டு ஏத்தி இறக்குற உங்களுக்குத் தெரியாததா, முடிஞ்சா நீங்களே ரைட் பண்ணிக் குடுங்க பாப்போம் என்றான். அன்று முடிவு செய்தேன், இவனை விடப்போவதில்லை என்று.

ரைட் பண்ணச் சாப்ட்வேர் வேண்டுமே. பெரிய கடையில் கேட்டால் கல்யாண ஆல்பம் செய்வது, படம் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் சேர்த்து ஒரே பெட்டி, விலையைக் கேட்டதும் நானே படியிறங்கிவிட்டேன். ஊசி வாங்கப் போனவன் தலையில் தையல் மிஷினைக் கட்டுகிற கதை. நடைபாதையில் ஒருவன் கால்விலைக்குத் திருட்டுக் காப்பி கொடுத்தான், அது கம்ப்யூட்டருக்குள் போனதும் வைரஸ் ஏறி ஒருநாள் முழுக்கத் துடைத்தேன். இலவசம் என்று இறக்கிய இன்னொன்று பத்தாவது சிடியில் நின்றுகொண்டு பணம் கேட்டது. கடைசியில் யாரோ ஒரே ஆள் எழுதி விற்கும் சின்னச் சாப்ட்வேர் ஒன்று கிடைத்தது, ஒரு தடவை கொடுத்தால் போதும், இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் காசுதான். பார்க்க அழகில்லை. ஆனால் எழுதும், எழுதியது சரியா என்று பார்க்கும், சிடியை மூடும். மூடிவிட்டால் அந்தத் தட்டில் யாரும் எதையும் சேர்க்க முடியாது, அழிக்கவும் முடியாது. நீயும் எதை வாங்கினாலும் உனக்கு வேண்டிய மூன்று வேலையை முதலில் எழுதிக்கொண்டு கடைக்குப் போ, கடைக்காரன் சொல்லும் முப்பதைக் கேட்காதே.

ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது முப்பது சிடி போட்டேன். அந்த வாரம் பார்த்து உன் அம்மாவுக்குத் தொண்டை கட்டி, பத்து நாள் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் பெயரைச் சொல்லிப் பதிவு செய்ய வழியில்லை. இருந்தால் என்ன என்று ஒவ்வொரு சிடியின் மேலும் உன் அம்மா பெயரைச் சிவப்பில், கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டினேன். கூலிங்கிளாஸ் மூஞ்சியில் கரி பூசிவிட்ட நினைப்பில் பள்ளிக்குக் கொண்டுபோனேன். டைப்பிங் வாத்தியார் வாங்கிக்கொண்டார், அவருக்கும் பார்வையில்லை. சிடியின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, வழவழன்னு ஏதோ ஒட்டியிருக்கே தம்பி, என்ன இது என்றார். அண்ணி பேரு சார், பெருசா போட்டிருக்கேன் என்றேன். யாரு படிக்கிறதுக்கு என்று கேட்டார். சிரிக்காதே. உன் அம்மா மூன்று நாள் சிரித்தார், சத்தம் வராமல்.

விழாவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். அறிவிப்புக்கு முன் தலைமையாசிரியை ஸ்டூடியோக்காரியைக் கூப்பிட்டு, பிள்ளைங்களுக்காக ஒரு பத்தி வாசிங்க என்றார். வாசித்தாள். முன்வரிசைப் பிள்ளைகள் நெளிந்தார்கள். ஒரு பெண் எழுந்து, இவங்க இல்ல மிஸ், எங்களுக்கு வாசிக்கிற அக்கா பத்தி முடிஞ்சா மூச்சு விடுவாங்க, பின்னாடி கேட்டு கிறீச்சுங்கும் என்றாள். நம் வீட்டு கேட்டுதான், எண்ணெய் விடுங்கள் என்று நீ சொல்லிச் சொல்லி அலுத்தாயே, அதே கேட்டு. கூலிங்கிளாஸ் அசரவில்லை, மைக்குல குரல் மாறும்மா என்றான். நான் எழுந்து உன் அம்மாவைக் காட்டினேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, அப்படியா, அவங்களையே பேசச் சொல்லுங்களேன் என்றான். உன் அம்மா வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அண்ணி வாங்க, போகலாம் என்று கத்திவிட்டேன்.

என் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் துள்ளிக்கொண்டு, அஞ்சாம் பாடம் என்றாள். உடனே முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில், என் இழுவையோடு, அண்ணி, ரெண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிட்டீங்க, மறுபடி வாங்க என்று ஒப்பித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாடத்தைப் பதிவு செய்தபோது நடுவே நான் சொன்னதுதான், பொறுமையில்லாமல் வெட்டாமல் விட்டிருக்கிறேன். அவனும் முன்னால் அரை நிமிஷம் சேர்த்ததோடு சரி, உள்ளே கேட்கவேயில்லை. இரண்டு வருஷமாக அதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று நினைத்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஒருத்தி பரீட்சையிலேயே எழுதியிருக்கிறாளாம். தலைமையாசிரியை ஸ்டூடியோக்காரி பக்கம் திரும்பி, உங்க வீட்டுல உங்கள அண்ணின்னு கூப்பிடுறது யாருங்க என்று கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அன்றுதான் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினான்.

வேலை உன் அம்மாவுக்குத்தான். வரும் ஒன்றாம் தேதி சேர்கிறார், தொண்டையும் திறந்துவிட்டது. நேற்று கூலிங்கிளாஸ் வீட்டுக்கு வந்தான். ஆயுசுக்கும் இலவசமா ரைட் பண்ணித் தர்றேன் மேடம், மனசுல வெச்சுக்காதீங்க என்றான். உன் அம்மா, சரி விடுங்க என்று தண்ணீர் கொடுத்தார். அது அவர் குணம், எனக்கு அது கிடையாது. விழாவை நான் போனில் பதிவு செய்திருந்தேன். அந்த முப்பது குரலையும், பிறகு வந்த சிரிப்பையும் ஒரு சிடியில் எழுதி வைத்திருந்தேன், அதை அவன் கையில் கொடுத்தேன். போட்டுக் கேளுங்க, மூடிட்டேன், முன்னாடி அரை நிமிஷம் யாரு பேரையும் ஒட்ட முடியாது என்றேன்.

லேப்டாப் காற்றாடியில் தூசி தட்டு, மறக்காதே. இத்தோடு உனக்கும் ஒரு சிடி வைத்திருக்கிறேன். உன் லேப்டாப்பில் போட இடமில்லை என்று சாக்குச் சொல்லாமல் யாரிடமாவது கேட்டுப் போடு. முதலில் உன் அம்மா தன் பெயரைத் தானே சொல்கிறார், ஐந்தாம் பாடத்தில் நானும் வருகிறேன். அதை வெட்டிவிடுகிறேன் என்றதற்குப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. நோய்நொடியில்லாமல், யாரிடமும் ஏமாறாமல் நன்றாக இரு.

உன் நல்லதை மட்டுமே நினைக்கிற, மற்றவனுக்கு அப்படி நினைக்கத் தெரியாத,
சித்தப்பா